கீழே இருக்கும் எண்

1863-ல் ப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் மருத்துவமனைகள் பற்றிய தன் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தார். அதில் ஓர் அட்டவணை. லண்டனின் 24 மருத்துவமனைகளில் 1861-ஆம் ஆண்டின் இறப்பு விகிதம் நூற்றுக்கு 90.84 என்கிறது அது. மாகாண நகரங்களில் இருந்த மருத்துவமனைகளுக்கு 39.41.

லண்டன் ஆஸ்பத்திரிக்குள் போன நூறு பேரில் தொண்ணூறு பேர் பிணமாகத்தான் வெளியே வந்தார்களா என்ன? இல்லை. அந்தக் காலத்து ஆஸ்பத்திரி அத்தனை நல்ல இடமில்லைதான், ஆனால் அவ்வளவு மோசமும் இல்லை. கணக்கைப் போட்டவர் வில்லியம் ஃபார். இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் பல ஆண்டுகள் புள்ளிவிவரங்களை நிர்வகித்தவர், அந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். கூட்டல் கழித்தல் தெரியாதவர் அல்ல. 1861-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது, ஏப்ரல் 8 அன்று, அந்த 24 மருத்துவமனைகளில் படுத்திருந்தவர்கள் 4,214 பேர். அந்த ஆண்டு முழுவதும் அங்கே இறந்தவர்கள் 3,828 பேர். இதை அதால் வகுத்தால் 90.84 வந்துவிடுகிறது.

பள்ளிக்கூடத்துக் கணக்கில் பின்னத்தின் மேலே இருப்பதைத் தொகுதி என்றும் கீழே இருப்பதைப் பகுதி என்றும் படித்திருப்போம். ஃபாரின் பின்னத்தில் தொகுதி ஒரு வருடத்துக்கானது. பகுதி ஒரே ஒரு நாளுக்கானது. ஒரு கட்டிலில் ஒரு வருடத்தில் பத்து பேர் மாறி மாறிப் படுத்து எழுந்து போயிருக்கலாம். அவர்களில் ஒன்பது பேர் கீழே இருக்கும் எண்ணில் இல்லை.

லண்டன் மருத்துவர்கள் கொதித்துப் போனார்கள். மருத்துவப் பத்திரிகைகளில் மாதக்கணக்கில் சண்டை நடந்தது. ஜான் பிரிஸ்டோவ் போன்றவர்கள் கேட்டது நியாயமான கேள்வி: சிகிச்சை பெற்றுப் போன அத்தனை பேரையும் கீழே வைத்து வகுக்க வேண்டாமா? அதோடு, தலைநகரத்து மருத்துவமனைக்கு வருவது ஆகக் கடுமையான நோய்கள். சின்ன ஊர் மருத்துவமனைகள் சாகக் கிடப்பவனைச் சேர்ப்பதே இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

ஃபார் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. சேர்ந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால், நோயாளிகளைச் சீக்கிரமாக வெளியே அனுப்பும் மருத்துவமனை நல்ல பெயர் வாங்கிவிடும். ஒருவரையே மூன்று முறை சேர்த்து மூன்று பேராகவும் காட்டலாம். கட்டிலில் கழிந்த காலத்தைப் பகுதியாக வைத்தால் அந்த ஏமாற்று எடுபடாது. அவர் அளந்தது, ஒரு கட்டில் ஓர் ஆண்டு முழுக்க நிரம்பியிருந்தால் அதில் எத்தனை சாவு நேரும் என்பதை. அதுவும் ஓர் அளவுதான். ஆனால் அதை நூற்றுக்கு இத்தனை என்று அச்சடித்ததும் படிக்கிறவர் மனதில் நூறு நோயாளிகள் வரிசையாக நின்றுவிட்டார்கள். சண்டைக்கான காரணம் அதில்தான் இருந்தது.

நான் பல வருடங்களாக கைபேசிச் செயலிகளின் க்ராஷ் கணக்குகளைப் பார்த்துப் பிழைக்கிறவன். இந்த அட்டவணையை முதலில் படித்தபோது எங்கள் அலுவலகத்தில் நடக்கும் விவாதம் ஒன்றை யாரோ நூற்று ஐம்பது வருடம் முன்னாடியே நடத்திவிட்டது போல இருந்தது. எங்களிடமும் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று, இன்று செயலியைப் பயன்படுத்தியவர்களில் எத்தனை சதவீதம் பேர் க்ராஷைச் சந்தித்தார்கள் என்பது. இன்னொன்று, செயலி திறக்கப்பட்ட தடவைகளில் எத்தனை சதவீதம் க்ராஷில் முடிந்தது என்பது. மேலே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான், கீழே இருப்பதுதான் வேறு.

ஒரு பேச்சுக்கு, திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆயிரத்தில் ஒரு தடவை செயலி விழுந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருநாளைக்கு ஒரே தடவை திறக்கிறவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர்தான் அன்று அதைப் பார்ப்பார். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பிகளைப் போல நாளைக்கு அறுபது தடவை திறக்கிறவர்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஆறு பேர் பார்ப்பார்கள். செயலி ஒன்று, அதிலுள்ள பிழையும் ஒன்று. ஆனால் ஆள் கணக்கில் பார்த்தால், டெலிவரிப் பிரிவில் ஏதோ பெரிய கோளாறு என்று தோன்றும். அவர்கள் போன் மட்டம், அவர்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். தடவைக் கணக்கில் பார்த்தால் இரண்டு பிரிவும் சமம். அதற்காக அதுவே சரியான கணக்கு என்று முடித்துவிடவும் முடியாது. ஒருநாளில் வேலை கெடும் வாய்ப்பு அந்தத் தம்பிக்கு உண்மையிலேயே அறுபது மடங்கு அதிகம். பிழை எங்கே என்று தேடுபவனுக்கு ஒரு பின்னம், யார் அவதிப்படுகிறார்கள் என்று கேட்பவனுக்கு இன்னொன்று.

*

கணினி க்ராஷ்களை எண்ணலாம் என்ற யோசனையே தாமதமாக வந்ததுதான். ஆரம்பத்தில் நிரல் விழுந்தால், விழுந்தது யாரிடமோ அவரோடு விஷயம் முடிந்தது. அவர் தொலைபேசியில் திட்டினால்தான் எழுதியவருக்குத் தெரியும். விண்டோஸில் டாக்டர் வாட்சன் என்று ஒரு கருவி இருந்தது. அதற்கு முதலில் வைத்த பெயர் ஷெர்லாக் என்பார்கள். விழுந்த நிரலின் கடைசி நிலைமையை அது குறித்து வைக்கும், அவ்வளவுதான். நெட்ஸ்கேப் உலாவியில் டாக்பேக் என்ற ஒன்று, விழுந்த விவரத்தை இணையம் வழியே அனுப்பியது.

பெரிய அளவில் இதைச் செய்தது மைக்ரோசாஃப்ட். 1999 வாக்கில் தொடங்கிய வேலை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கணினி வைத்திருந்த யாருக்கும் அந்தச் சின்னச் சதுரம் ஞாபகம் இருக்கும். நிரல் நின்றுவிட்டது, அறிக்கையை அனுப்பவா வேண்டாமா என்று கேட்கும். நம்மில் பாதிப்பேர் வேண்டாம் என்பதை அழுத்தியிருப்போம். அனுப்பியவர்களின் அறிக்கைகள் அங்கே வாளிகளில் போய் விழுந்தன. வாளி என்பது அவர்களே வைத்த சொல்தான். எந்த நிரல், எந்தப் பதிப்பு, எந்தத் துண்டில் எந்த இடத்தில் விழுந்தது என்று பார்த்து, ஒன்றுபோல் இருப்பவற்றை ஒரே வாளியில் சேர்ப்பார்கள். எந்த வாளி முதலில் நிரம்புகிறதோ அதை முதலில் திருத்துவது. 2002 அக்டோபரில் ஸ்டீவ் பால்மர் ஒரு மடலில், பிழைகளில் ஒரு சதவீதம் மட்டுமே எல்லாக் கோளாறுகளிலும் பாதிக்குக் காரணம் என்று வியப்போடு எழுதினார்.

வாளியில் ஒரு சிக்கல் உண்டு. அது தொகுதியை மட்டும்தான் எண்ணும்.

2008-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில், விண்டோஸ் விஸ்டா பற்றிய வழக்கில், மைக்ரோசாஃப்டின் உள் மடல்கள் வெளியே வந்தன. அதில் ஒரு பட்டியல். விஸ்டாவில் பதிவான க்ராஷ்களில் 28.8 சதவீதம் என்விடியாவின் இயக்கிகளால், 17.9 சதவீதம் மைக்ரோசாஃப்டால், 9.3 ஏடிஐயால், 8.8 இன்டெல்லால். செய்தி பறந்தது: விஸ்டாவைக் கெடுத்தது என்விடியாதான். இருக்கலாம். அந்தக் காலத்து என்விடியா இயக்கிகளுக்கு நல்ல பெயர் இருந்ததில்லை. ஆனால் அந்தப் பட்டியல் அதைச் சொல்லவில்லை. எத்தனை கணினிகளில் என்விடியா இருந்தது, எத்தனையில் இன்டெல்? என்விடியா அட்டை வாங்கியவர்கள் விளையாட்டு ஆடுகிறவர்கள், இயந்திரத்தை மணிக்கணக்கில் விரட்டுகிறவர்கள். இன்டெல் சில்லு உள்ள கணினியில் ஒருவர் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். பகுதியே இல்லாத பின்னம் அது. அட்டவணையின் கீழே இருந்திருக்க வேண்டிய எண்ணை யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

*

பிரிவு என்று நாம் எதைச் சொல்கிறோம்? நாடு, போன் மாடல், இயங்குதளப் பதிப்பு. கருவி எந்தப் பத்திகளைக் கொடுக்கிறதோ அவற்றால் பிரிப்போம். உண்மையான கோடு வேறு எங்காவது ஓடலாம்.

மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2005-ல் எழுதிய கதை ஒன்று எனக்குப் பிடித்தது. வந்த க்ராஷ் அறிக்கைகளில் சில நடக்கவே முடியாதவை. செயலியகத்தின் ஓர் அறையைப் பூஜ்ஜியமாக்கு என்ற கட்டளையில் போய் நிரல் விழுந்திருக்கிறது. அந்தக் கட்டளை நினைவகத்தைத் தொடுவதில்லை, எதையும் தேடுவதில்லை. கரும்பலகையை அழி என்று சொன்னால் அழிக்கப் போனவன் மயங்கி விழுந்த மாதிரி. அனுப்பியவர்கள் சிலரைத் தொடர்புகொண்டு விசாரித்தால், அவர்களுடைய கணினிகள் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டப்பட்டவை. சிலர் தெரிந்தே செய்தவர்கள். சிலருக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சின்னக் கடையில் வாங்கியிருக்கிறார்கள், கடைக்காரர் மலிவுச் சில்லை முடுக்கிவிட்டு விலை உயர்ந்த கணினி என்று விற்றிருக்கிறார்.

அறிக்கையில் 'ஏமாற்றப்பட்டவர்' என்று ஒரு பத்தி கிடையாது. அதனால் அந்தப் பிரிவு யார் கண்ணிலும் படவில்லை.

2011-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் பத்து லட்சம் வீட்டுக் கணினிகளின் அறிக்கைகளை வைத்து, மென்பொருளை விட்டுவிட்டு வன்பொருளே எவ்வளவு தவறு செய்கிறது என்று பார்த்தார்கள். எட்டு மாதத்தில் மொத்தம் முப்பது நாளாவது உழைத்த கணினிகளில், செயலியகத்தின் கோளாறால் விழும் வாய்ப்பு 190-க்கு ஒன்று. முடுக்கிவிடப்பட்டவற்றில் இன்னும் மோசம். அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் எட்மண்ட் நைட்டிங்கேல். ப்ளாரன்ஸுக்கு உறவா என்று கேட்காதீர்கள், பெயர் ஒன்று என்பதைத் தாண்டி எதுவும் சொல்ல வரவில்லை.

*

இனி வருவது கொஞ்சம் தலையைச் சுற்ற வைக்கும். மெதுவாகப் போவோம்.

1934-ல் மோரிஸ் கோஹெனும் எர்னஸ்ட் நேகலும் எழுதிய தர்க்கவியல் பாடநூலில் 1910-ஆம் ஆண்டின் காசநோய்ச் சாவுகள் பற்றி ஒரு கணக்கு வரும். நியூயார்க், ரிச்மண்ட் என்று இரண்டு நகரங்கள். வெள்ளையரில் லட்சத்துக்கு நியூயார்க்கில் 179 பேர் இறந்தார்கள், ரிச்மண்டில் 162. கறுப்பினத்தவரில் நியூயார்க்கில் 560, ரிச்மண்டில் 332. இரண்டு பிரிவிலும் ரிச்மண்டே தேவலாம். இப்போது எல்லோரையும் சேர்த்துப் பாருங்கள்: நியூயார்க்கில் லட்சத்துக்குச் சுமார் 186, ரிச்மண்டில் சுமார் 224. தலைகீழ்!

மாயமில்லை. நியூயார்க்கில் அன்று கறுப்பினத்தவர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ரிச்மண்டில் முப்பத்தாறு, முப்பத்தேழு பேர். அதிகம் சாகும் பிரிவு எந்த ஊரில் அதிகமாக இருக்கிறதோ அந்த ஊரின் மொத்தக் கணக்கு ஏறும். எட்வர்ட் சிம்ப்சன் 1951-ல் இதைப் பற்றி எழுதினார், பின்னால் அவர் பெயரே இந்தப் புதிருக்கு ஒட்டிக்கொண்டது. 1899-ல் கார்ல் பியர்சனும், 1903-ல் யூலும் இதே விஷயத்தைத் தொட்டிருந்தார்கள். புள்ளியியலில் பெயர் வைப்பது பல நேரம் கண்டுபிடித்தவரைப் பார்த்து நடப்பதில்லை.

அந்த அட்டவணையில் இன்னொன்றும் உண்டு. பத்தியின் தலைப்பு நிறம். காசநோய் நிறம் பார்த்தா வருகிறது? ஒதுக்கப்பட்ட குடியிருப்பு, காற்று வராத அறை, குறைந்த கூலி, இவை எல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் நெருக்கியடித்து நிற்கின்றன. எங்கள் திரையில் 'போன் மாடல்' என்று ஒரு பத்தி உண்டு. அதற்குப் பின்னாலும் பெரும்பாலும் ஒரு சம்பளத் தொகைதான் நிற்கிறது.

செயலிக்கு வருவோம். எண்கள் என்னுடையவை, விளக்கத்துக்காக. உங்கள் பயனர்களில் 90 சதவீதம் நல்ல போன், 10 சதவீதம் மலிவு போன். நல்ல போனில் நாளொன்றுக்கு 0.5 சதவீதம் பேருக்கு க்ராஷ், மலிவு போனில் 4 சதவீதம் பேருக்கு. மொத்தம் 0.85. நீங்கள் ராப்பகலாக உழைத்து முதலாவதை 0.4 ஆகவும் இரண்டாவதை 3 ஆகவும் குறைக்கிறீர்கள். செயலி இப்போது மலிவு போனிலும் ஓடுகிறது என்று பேச்சு பரவுகிறது. புது ஆட்கள் வருகிறார்கள். மலிவு போன்காரர்கள் 40 சதவீதம் ஆகிறார்கள். மொத்தத்தைப் போடுங்கள்: 1.44. ஒவ்வொரு பிரிவும் முன்னேறியிருக்க, மொத்தம் கெட்டுப்போயிருக்கிறது. நல்ல வேலை செய்ததற்கான தண்டனை.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. கூகுளின் செயலிக் கடை, நாளொன்றுக்கு 1.09 சதவீதத்துக்கு மேல் பயனர்கள் க்ராஷைச் சந்தித்தால் அது மோசமான செயலி என்று வைத்திருக்கிறது. தாண்டினால் கடையில் அது மக்கள் கண்ணில் படுவது குறையலாம். ஒரு குறிப்பிட்ட போன் மாடலுக்கு மட்டும் என்றால் எல்லை 8 சதவீதம். இந்த இரண்டாவது எல்லை 2022-ல்தான் வந்தது. அதற்கு முன் மொத்தம் ஒன்றே தீர்ப்பு.

யூட்யூபில் பொறியாளராக இருந்த க்ரிஸ் ஸகரையாஸ் இதே கதையை வேறு வடிவத்தில் சொல்லியிருக்கிறார். 1.2 மெகாபைட் இருந்த வீடியோ பக்கத்தை அவர் 98 கிலோபைட்டாக இளைக்க வைத்தார். ஒரு பகுதி மக்களுக்கு அதை விட்டுப் பார்த்தால், பக்கம் திறக்க ஆகும் சராசரி நேரம் கூடிவிட்டது! மனிதர் கிட்டத்தட்டக் கைவிடும் நிலைக்கு வந்திருக்கிறார். நாடுவாரியாகப் பிரித்த பிறகுதான் புரிந்தது. தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, சைபீரியா போன்ற இடங்களிலிருந்து, இதுவரை யூட்யூபையே திறக்க முடியாதிருந்தவர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். பழைய பக்கம் அவர்களுக்கு இருபது நிமிடம் எடுத்திருக்கும். புதியது இரண்டு நிமிடம். இரண்டு நிமிடம் அவர்களுக்கு வரம், சராசரிக்குச் சாபம்.

*

வராதவர்களைப் பற்றிப் பேசும்போது ஆப்ரகாம் வால்டைத் தவிர்க்க முடியாது. இரண்டாம் உலகப்போரில் குண்டடிபட்டுத் திரும்பிய விமானங்களை வைத்து, திரும்பாதவை எங்கே அடிபட்டிருக்கும் என்று கணக்கிட்டவர். இணையத்தில் சுற்றும் சிவப்புப் புள்ளி விமானப் படம் அவர் வரைந்ததல்ல. 1943-ல் அவர் எழுதியவை வறண்ட கணிதக் குறிப்புகள். கதையை எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள், அதனால் நான் நீட்டவில்லை. பலர் சொல்லாமல் விடுவது வேறு. 1950 டிசம்பர் 13 அன்று, இந்தியாவுக்கு உரையாற்ற வந்திருந்த வால்டும் அவர் மனைவியும் சென்ற விமானம் நம் நீலகிரி மலையில் மோதி இருவரும் இறந்தார்கள். அவருக்கு வயது 48.

க்ராஷ் கணக்கில் திரும்பாத விமானம் எது? பெரும்பாலான கருவிகளில், செயலி விழுந்த விவரம் போனிலேயே எழுதிவைக்கப்படும். அடுத்த முறை நீங்கள் செயலியைத் திறக்கும்போதுதான் அது அனுப்பப்படும். அடுத்த முறை என்று ஒன்று இருந்தால். எரிச்சலில் செயலியை நீக்கிவிட்டவரின் கடைசி க்ராஷ் யாருக்கும் வந்து சேராது. செயலி திறக்கும் முதல் நொடியிலேயே, கருவி கண்விழிக்கும் முன்பே விழுந்தாலும் அப்படித்தான். நினைவகம் போதாமல் ஆண்ட்ராய்டே பின்னணியில் செயலியைக் கொன்றுவிடுவது மலிவு போன்களில் அன்றாடம் நடப்பது. அது பெரும்பாலும் க்ராஷ் பட்டியலில் வராது. எழுதிக்கொண்டிருந்தது போய்விட்டது என்று பயனருக்கு மட்டும் தெரியும். ஆக, ஒரு பிரிவின் க்ராஷ் விகிதம் குறைந்தால் இரண்டில் ஒன்று: பிழை போயிருக்கிறது, அல்லது ஆட்கள் போயிருக்கிறார்கள்.

நான் முன்பு வேலைபார்த்த ஒரு நிறுவனத்தில், மளிகைக் கடைக்காரர்கள் மொத்த வியாபாரியிடம் சரக்கு கேட்டு அனுப்பும் செயலி ஒன்று இருந்தது. எங்கள் விகிதம் அந்த 1.09-ஐ உரசிக்கொண்டிருந்த சமயம். மேலாளர் பொல்லாதவர் ஒன்றும் இல்லை, அவருக்கும் மேலே ஆட்கள். "ரெண்டு ஜிபிக்குக் கீழ இருக்கிற போனை எல்லாம் எடுத்துரலாம். ஒரே க்ளிக்," என்றார். உண்மையில் அவ்வளவுதான் வேலை. கடையின் நிர்வாகப் பக்கத்தில் ரேம் அளவைச் சொல்லி அதற்குக் கீழான போன்களை விலக்க வழி உண்டு. புதிதாக யாரும் நிறுவ முடியாது, இருப்பவர்களுக்குப் புதுப் பதிப்பு போகாது.

நானும் கூட வேலைபார்த்த பெண்ணும் இரண்டு வாரம் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். அந்தப் போன்களில் விழுந்ததில் பெரும்பங்கு ஒரே இடத்தில், பொருட்களின் படங்களை முழு அளவில் நினைவகத்தில் ஏற்றும் இடத்தில். திருத்தக்கூடியதுதான். அதோடு அந்தக் கடைக்காரர்கள் நாளெல்லாம் செயலியைத் திறந்து மூடுகிறவர்கள். தடவைக் கணக்கில் வித்தியாசம் பாதியாகச் சுருங்கியது. இதையெல்லாம் படம் போட்டுக் கூட்டத்தில் காட்டினோம்.

"எல்லாம் சரிங்க. திருத்த எத்தனை நாள்?" என்றார் மேலாளர்.

"ஆறு வாரம் சார்."

"விலக்க?"

அவள் என்னைப் பார்த்தாள். "இன்னைக்கே பண்ணலாம் சார்," என்றாள்.

விலக்கினார்கள். அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் கோடு அழகாக இறங்கியிருந்தது. படங்களைச் சிறிதாக்கும் திருத்தமும் பிறகு வந்தது, ஆனால் அது போய்ச் சேர வேண்டிய போன்களுக்குப் போகவில்லை. சில மாதம் கழித்து, வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் அக்கா ஒருவர் மேசையில் நீளமான ஒரு நோட்டைப் பார்த்தேன். திருவண்ணாமலைப் பக்கம், விழுப்புரம் பக்கம் என்று ஊர்வாரியாகப் பிரித்து, பென்சிலில் எழுதியிருந்தார். சர்க்கரை ஒரு மூட்டை, துவரை இரண்டு. "ஆப் வரலையாம் தம்பி, போன்லயே சொல்றாங்க," என்றார். அன்றைக்கு மட்டும் நான்கு பக்கம் நிரம்பியிருந்தது.